நெருப்புக்கு நான்கு முகம்

ஒரு நீர்த் துகள் உடைந்தால் ஒரு நெருப்புத் துகளும் இரண்டு காற்றுத் துகள்களும் ஆகலாம். கி.மு. 360 வாக்கில் பிளேட்டோ எழுதிய 'டிமேயஸ்' என்ற உரையாடலில் இப்படி ஒரு கூற்று வருகிறது. அதை மட்டும் தனியாகக் கத்தரித்துப் போட்டால், பள்ளியில் வேதியியல் படித்த யாருக்கும் எச்2ஓ ஞாபகம் வந்துவிடும். ஒன்றுக்கு இரண்டு, அதே விகிதம். 'அந்தக் காலத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள் பார்' என்று வாட்ஸ்அப்பில் அனுப்பத் தோதான வரி. அனுப்பிவிட வேண்டாம். பிளேட்டோவுக்கு ஹைட்ரஜனும் தெரியாது, ஆக்சிஜனும் தெரியாது. அவர் எண்ணிக்கொண்டிருந்தது முக்கோணங்களை.

ஆனாலும் அது சாதாரண வரி இல்லை. ஒரு பொருள் இன்னொன்றாக மாறும்போது முன்னும் பின்னும் கூட்டிப் பார்த்தால் எண்ணிக்கை ஒத்துவர வேண்டும் என்ற கட்டாயத்தை அது தானாகவே தன் தலையில் ஏற்றிக்கொள்கிறது. அந்தக் கட்டாயத்தை ஏற்றுக்கொண்ட கோட்பாட்டைக் கணக்குப் போட்டே மடக்கவும் முடியும். பிளேட்டோவின் மாணவர் அரிஸ்டாட்டில் அதைத்தான் செய்தார். இன்றைய இயற்பியலோடு பொருள் பற்றிய பிளேட்டோவின் கோட்பாடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தேடுவதை விட, அது எந்த இடத்தில் இடறுகிறது என்று பார்ப்பதுதான் எனக்குச் சுவாரசியமாக இருக்கிறது. எங்கே இடறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட முடிகிற அளவுக்கு அதைத் தெளிவாகச் சொல்லி வைத்திருக்கிறார்.

பின்னணி கொஞ்சம் வேண்டும். ஆசியா மைனர் கரையில் இருந்த மிலேட்டஸ் நகரத்துச் சிந்தனையாளர்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒரே பொருள் என்று தொடங்கினார்கள். தேலிஸுக்கு அது நீர், அனக்சிமெனிஸுக்குக் காற்று. பக்கத்து எபேசஸ் நகரத்து ஹெராக்ளிட்டஸ் நெருப்பை முன்னால் வைத்தார். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவின் எம்பெடோக்ளிஸ் இந்தச் சண்டையைச் சமரசமாக முடித்தார்: நெருப்பு, காற்று, நீர், மண் நான்குமே வேர்கள்; அன்பு அவற்றைச் சேர்க்கிறது, பகை பிரிக்கிறது. அவருடைய கவிதையிலிருந்து தப்பிப் பிழைத்த ஒரு துண்டில் எலும்புக்குப் பக்குவம் சொல்கிறார். எட்டுப் பங்கில் நான்கு நெருப்பு, இரண்டு நீர், மீதி மண். எலும்பு ஏன் வெள்ளையாக, கெட்டியாக இருக்கிறது என்பதை ஒரு விகிதத்தால் விளக்கப் பார்த்திருக்கிறார். ஏன் நான்குக்கு இரண்டு, ஏன் மூன்றுக்கு இரண்டு இல்லை என்று கேட்டால் அவரிடம் பதில் கிடையாது. எண் வந்துவிட்டது, ஆனால் அந்த எண்ணுக்குக் காரணம் வரவில்லை.

எண்ணுக்கு மரியாதை கொடுத்தவர்கள் தெற்கு இத்தாலியில் இருந்தார்கள். பித்தாகரஸ் கி.மு. 530 வாக்கில் குரோட்டன் நகரத்தில் குடியேறி ஒரு குழுவை உருவாக்கினார். அவர் தன் கையால் என்ன கண்டுபிடித்தார், சீடர்கள் என்ன சேர்த்தார்கள் என்று பிரிப்பது கடினம். ஆனால் தந்தியின் நீளத்துக்கும் சுரத்துக்கும் இருக்கிற உறவு அந்த மரபின் சொத்து. ஒரே இழுவிசையில் தந்தியைப் பாதியாக்கினால் மேல் ஷட்ஜம், அதாவது 2:1. மூன்றில் இரண்டு பங்காக்கினால் பஞ்சமம், 3:2. நான்கில் மூன்றாக்கினால் மத்தியமம், 4:3. காதுக்கு இனிக்கிறதும் சின்ன முழு எண்களின் விகிதமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இதைப் பார்த்த பிறகு உலகமே எண்தான் என்று ஒருவர் நினைத்தால் குற்றம் சொல்ல முடியாது.

எல்லை மீறியதும் உண்டு. 1, 2, 3, 4 நான்கையும் கூட்டினால் 10. பத்து முழுமையான எண். அதனால் வானத்தில் சுற்றுகிறவையும் பத்தாக இருக்க வேண்டும். விண்மீன் கோளம், ஐந்து கோள்கள், சூரியன், நிலவு, பூமி எல்லாம் சேர்த்தால் ஒன்பதுதான் வருகிறது. அதனால் அந்த மரபைச் சேர்ந்த பிலோலாவுஸ் போன்றவர்கள் நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பூமியைச் சேர்த்துப் பத்தாக்கினார்கள். அந்த எதிர்ப்பூமி எண்ணிக்கைக்காகச் செருகப்பட்டது என்று அரிஸ்டாட்டில் குத்திக்காட்டுகிறார். அது நியாயமான குத்து. ஆனால் பிலோலாவுஸின் அமைப்பில் பூமி நடுவில் இல்லை, ஒரு மைய நெருப்பைச் சுற்றி வருகிறது என்பதையும் சொல்லிவிடுவோம். தப்பான காரணத்துக்காகத் துணிச்சலான படம் வரைந்தவர்கள் அவர்கள்.

அப்புறம் அணுக்காரர்கள். லியூசிப்பஸ், அப்டேரா ஊர் டெமோக்ரிட்டஸ் இருவரும் வெட்ட முடியாத துகள்களும் வெற்றிடமும் போதும் என்றார்கள். துகள்கள் மூன்று வழியில் வேறுபடும் என்று அவர்கள் கருத்தை அரிஸ்டாட்டில் எழுத்துகளை வைத்து விளக்குகிறார்: வடிவத்தால் வேறுபடலாம், வரிசையால் வேறுபடலாம், திரும்பி நிற்கிற விதத்தால் வேறுபடலாம். எத்தனை வகை வடிவம்? எண்ணற்றவை. இங்கேதான் சிக்கல். எந்த நிகழ்வுக்கும் தோதாக ஒரு கொக்கி போட்ட அணுவையோ வழவழப்பான அணுவையோ கற்பனை செய்துகொள்ளலாம் என்றால் எதை விளக்கினாலும் விளக்கியதாகாது. பிளேட்டோ தன் நூல்களில் டெமோக்ரிட்டஸின் பெயரை ஒரு இடத்திலும் சொல்வதில்லை. ஆனால் 'டிமேயஸ்' படிக்கும்போது அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரியே இருக்கிறது. துகள் வேண்டும், வடிவம் வேண்டும், ஆனால் இஷ்டத்துக்கு வடிவம் கூடாது.

வடிவங்களை யார் கட்டுப்படுத்துவது? கணிதம்தான். இதற்குத் தேவையான சரக்கு பிளேட்டோவின் காலத்தில்தான் ஏதென்ஸில் தயாரானது. தியேட்டட்டஸ் என்ற கணித மேதை பிளேட்டோவின் வட்டத்தைச் சேர்ந்தவர். கொரிந்துப் போர்க்களத்தில் காயம்பட்டு, வயிற்றுக்கடுப்பும் சேர்ந்து, உயிர் போகும் நிலையில் அவரை ஏதென்ஸுக்குத் தூக்கிக்கொண்டு போன காட்சியோடுதான் அவர் பெயரிலான உரையாடலைப் பிளேட்டோ தொடங்குகிறார். ஒழுங்குத் திண்மங்களில் எண்முகியையும் இருபதுமுகியையும் ஆராய்ந்து சேர்த்தவர் தியேட்டட்டஸ் என்று யூக்ளிட் நூலுக்கான ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. நான்முகி, கனசதுரம், பன்னிருமுகி மூன்றும் ஏற்கெனவே பித்தாகரஸ் மரபில் தெரிந்தவை.

ஒழுங்குத் திண்மம் என்றால் எல்லா முகங்களும் ஒரே அளவான ஒழுங்குப் பல்கோணமாக இருக்க வேண்டும், எல்லா முனைகளிலும் ஒரே எண்ணிக்கையில் முகங்கள் கூட வேண்டும். இப்படி எத்தனை செய்யலாம்? ஐந்துதான், ஆறாவது கிடையாது. யூக்ளிட் தன் பதின்மூன்றாவது புத்தகத்தை இந்த முடிவோடுதான் முடிக்கிறார். காகிதமும் கத்தரிக்கோலும் இருந்தால் கையோடு சரிபார்க்கலாம். ஒரு முனை உருவாகக் குறைந்தது மூன்று முகங்கள் கூட வேண்டும். அவற்றின் கோணங்களின் கூட்டல் 360 பாகைக்குக் குறைவாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தட்டையாகிவிடும். சமபக்க முக்கோணத்தின் கோணம் 60. மூன்று சேர்த்தால் நான்முகி, நான்கு சேர்த்தால் எண்முகி, ஐந்து சேர்த்தால் இருபதுமுகி. ஆறு சேர்த்தால் 360, தட்டை. சதுரத்தின் கோணம் 90; மூன்று சேர்த்தால் கனசதுரம், நான்கு தட்டை. ஐங்கோணம் 108; மூன்று சேர்த்தால் 324, பன்னிருமுகி. அறுகோணம் மூன்று சேர்ந்ததுமே 360. அவ்வளவுதான், கதவு மூடியாயிற்று. கணிதத்தில் இவ்வளவு சுருக்கமாக 'இதற்கு மேல் இல்லை' என்று சொல்கிற இடங்கள் குறைவு.

எண்ணற்ற அணு வடிவங்களைக் கண்டு எரிச்சல்பட்ட ஒருவருக்கு இந்த ஐந்தைப் பார்த்ததும் எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

'டிமேயஸ்' உரையாடல் என்றாலும் பெரும்பகுதி ஒரே ஆளின் நீண்ட பேச்சு. பேசுகிறவர் தெற்கு இத்தாலியின் லோக்ரி நகரத்து டிமேயஸ். சாக்ரடீஸ் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். உலகத்தை ஒரு தெய்வக் கைவினைஞர் எப்படிக் கட்டினார் என்பதுதான் பேச்சு. இல்லாததிலிருந்து படைக்கிற கடவுள் இல்லை இவர். கிடைத்த சரக்கை வைத்துக்கொண்டு முடிந்தவரை நன்றாகச் செய்கிற தச்சர். சொல்வதெல்லாம் உறுதியான உண்மை என்று டிமேயஸ் உரிமை கொண்டாடுவதும் இல்லை. மனிதரால் முடிந்தது ஏற்கத்தக்க ஒரு கதைதான் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

நான்கு பூதம் ஏன் என்பதற்கு எம்பெடோக்ளிஸிடம் இல்லாத காரணம் இவரிடம் இருக்கிறது. உலகம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதற்கு நெருப்பு தேவை. தொட்டால் தட்டுப்பட வேண்டும், அதற்கு மண் தேவை. இரண்டையும் கட்டிப்போட இடையில் ஏதாவது வேண்டும். கட்டுகளிலேயே அழகானது விகிதம். உலகம் தட்டையாக இருந்திருந்தால் இடையில் ஒன்று போதும். 4, 9 என்ற இரு வர்க்க எண்களுக்கு நடுவில் 6 ஒன்றே போதும். 4-க்கு 6 எப்படியோ அப்படி 6-க்கு 9. ஆனால் உலகம் திண்மம். 8, 27 என்ற இரு கன எண்களுக்கு நடுவில் இரண்டு எண்கள் தேவைப்படுகின்றன: 8, 12, 18, 27. ஒவ்வொன்றும் முந்தியதன் ஒன்றரை மடங்கு. அதனால் நெருப்புக்கும் மண்ணுக்கும் நடுவில் காற்று, நீர் என்று இரண்டு. இந்த எண்களைப் பிளேட்டோ எழுதவில்லை, உரைகாரர்கள் எடுத்துக்காட்டாகப் போட்டவை. விதியை மட்டும் அவர் சொல்கிறார். காரணம் செல்லுமா என்றால் செல்லாது. முப்பரிமாணத்துக்கும் இரண்டு இடை எண்களுக்கும் உள்ள தொடர்பு உண்மையானது, அதிலிருந்து காற்றுக்கும் நீருக்கும் தாவுவதுதான் வித்தை.

பேச்சின் பாதியில் டிமேயஸ் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறார். தச்சர் வருவதற்கு முன் என்ன இருந்தது? எல்லாம் நிகழ்வதற்கான ஓர் இடம், அதில் உருவம் கூடாத பூதங்களின் சுவடுகள். அந்த இடம் நடுங்கிக்கொண்டே இருக்கிறது, முறத்தில் தானியம் புடைப்பது போல. கனமானது ஒரு பக்கம், லேசானது ஒரு பக்கம் என்று ஓரளவு தானாகவே பிரிகிறது. இந்த ஒப்புமை என்னுடையது இல்லை, பிளேட்டோவே சொல்வது. தச்சரின் வேலை இதற்குப் பிறகுதான் வருகிறது: வடிவமும் எண்ணும் கொடுப்பது.

வடிவம் கொடுக்க அவர் எடுப்பது இரண்டே இரண்டு செங்கோண முக்கோணங்கள். ஒன்று சதுரத்தை மூலைவிட்டத்தில் வெட்டினால் வருகிற பாதி. இன்னொன்று சமபக்க முக்கோணத்தை நடுவில் பிளந்தால் வருகிற பாதி. ஏன் இவை? மிக அழகானவை என்பதால் என்கிறார். இதை விட அழகான முக்கோணத்தை யாராவது காட்டினால் வெற்றி அவருக்கே, அவரை எதிரியாக இல்லை, நண்பராகவே வரவேற்போம் என்றும் சேர்த்துக்கொள்கிறார். அழகு ஒரு காரணமா என்று இன்றைய வாசகர் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்த அழைப்பில் ஒரு நேர்மை இருக்கிறது. வா, மாற்றிக் காட்டு என்கிறார்.

சமபக்கப் பாதிகள் ஆறைச் சேர்த்தால் ஒரு சமபக்க முகம். அந்த முகங்கள் நான்கைக் கூட்டினால் நான்முகி, அது நெருப்பு. எட்டைக் கூட்டினால் எண்முகி, அது காற்று. இருபது கூட்டினால் இருபதுமுகி, அது நீர். சதுரப் பாதிகள் நான்கைச் சேர்த்தால் ஒரு சதுர முகம். அவை ஆறு சேர்ந்த கனசதுரம்தான் மண். நெருப்புக்கு 24 முக்கோணங்கள், காற்றுக்கு 48, நீருக்கு 120. மண்ணுக்கும் 24தான், ஆனால் வேறு ஜாதி முக்கோணம்.

ஒரு சமபக்க முகத்துக்கு இரண்டு பாதிகளே போதுமே, ஏன் ஆறு? சதுரத்துக்கும் இரண்டே போதும், ஏன் நான்கு? பிளேட்டோ சொல்லவில்லை. இரண்டு, ஆறு, எட்டு, பதினெட்டு என்று வெவ்வேறு எண்ணிக்கையில் சேர்த்து வெவ்வேறு அளவு முகங்கள் செய்யலாம் என்பதற்காக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் ஊகித்திருக்கிறார்கள். ஏனென்றால் ஒரே பூதத்தில் பல ரகங்கள் இருப்பதற்கு முக்கோணங்களின் அளவு வேறுபடுவதே காரணம் என்று அவர் பின்னால் சொல்கிறார்.

இப்போது அந்த நீர்த் துகளின் கணக்குக்கு வருவோம். நீருக்கு 20 முகம். நெருப்பின் கூர்முனை அதைக் குத்திப் பிரித்துவிட்டால் 20 முகங்களும் உதிரியாகின்றன. அவை மறுபடி சேரும்போது 4 ஒன்றாகி ஒரு நெருப்பு, மீதி 16 எட்டு எட்டாகி இரண்டு காற்று. 20 = 4 + 8 + 8. அதேபோல ஒரு காற்றுத் துகள் உடைந்தால் இரண்டு நெருப்பு, 8 = 4 + 4. திரும்பி வருகிற வழியும் உண்டு: இரண்டரைக் காற்று சேர்ந்தால் ஒரு நீர். அந்த 'அரை' பிளேட்டோவே சொல்வது. கணக்கு அப்படி வருகிறது, ஒளிக்காமல் எழுதிவிட்டார்.

மண்தான் ஒட்டாமல் நிற்கிறது. அதன் முக்கோணம் வேறு, அதன் பக்கங்களில் இருப்பது இரண்டின் வர்க்கமூலம். மற்ற மூன்றிலும் இருப்பது மூன்றின் வர்க்கமூலம். ஒன்றை இன்னொன்றாகச் செய்ய முடியாது. எனவே மண் உடைந்தால் மண்ணாக மட்டுமே திரும்பச் சேரும். வடிவகணிதம் இங்கே ஒரு தடையை விதிக்கிறது, இயற்கை அதற்குக் கட்டுப்பட வேண்டும் என்கிறார்.

தனித் துகள் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, கூட்டமாகச் சேர்ந்தால்தான் தெரியும். குணங்கள் வடிவத்திலிருந்து வருகின்றன. நெருப்பு சுடுவது ஏன்? நான்முகியின் முனைகள் கூர்மை, விளிம்புகள் மெலிவு, துகள் சிறிசு, ஓட்டம் வேகம். உடம்பை அது அறுக்கிறது, அதைத்தான் சூடு என்கிறோம். கனசதுரம் தரையில் பதிந்து உட்காரும், அதனால் மண் அசையாது. உலோகங்கள் எல்லாம் நீர் வகை என்று படித்தால் முதலில் சிரிப்பு வரும். ஆனால் சூடாக்கினால் உருகி ஓடுகிற எதையும் நீர் இனத்தில் சேர்ப்பது அவ்வளவு கிறுக்குத்தனம் இல்லை. பெரிய, ஒரே சீரான இருபதுமுகிகள் நெருக்கமாகப் பதிந்திருப்பதால் உலோகம் கெட்டி. நெருப்பு நடுவில் புகுந்து சீரைக் கலைத்தால் ஓடுகிறது. அதில் மிக அடர்ந்தது தங்கம். செம்பில் கொஞ்சம் மண் கலந்திருக்கிறது. நாளாக ஆக அந்த மண் பிரிந்து மேலே வந்து பச்சையாகப் படிகிறது, அதுதான் களிம்பு. காற்றும் ஈரமும் செம்போடு வினைபுரிவதால் களிம்பு வருகிறது என்று நமக்குத் தெரியும். உள்ளிருந்து வெளியே வருகிறது என்று அவர் நினைத்தது தலைகீழ். ஆனால் ஒரே கோட்பாட்டை வைத்துத் தங்கத்தின் அடர்த்தியிலிருந்து பாத்திரத்துக் களிம்பு வரை இறங்கி வருகிற பிடிவாதம் பிடித்திருக்கிறது.

பன்னிருமுகி மட்டும் மிச்சம். ஐங்கோணத்தை அந்த இரு முக்கோணங்களால் செய்ய முடியாது, பூதமும் நான்குதான். 'ஐந்தாவது ஒன்று இருந்தது, அதைக் கடவுள் முழு உலகத்துக்குப் பயன்படுத்தி அலங்கரித்தார்' என்ற பொருளில் ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். நூலில் மிக அவசரமான வாக்கியம் இதுதான் என்று தோன்றுகிறது.

சரி, எங்கே இடறுகிறது? முகங்களின் எண்ணிக்கை மாறாமல் இருப்பதால் மொத்தப் புறப்பரப்பும் மாறாது. கன அளவு? ஒரே விளிம்பு நீளம் உள்ள நான்முகியின் கன அளவை 1 என்று வைத்துக்கொண்டால் எண்முகி 4, இருபதுமுகி ஏறக்குறைய 18.5. ஒரு நீர் உடைந்து ஒரு நெருப்பும் இரண்டு காற்றும் ஆனால் 18.5 போய் 9 வருகிறது. பாதிக்கு மேல் காணோம். ஒரு காற்று இரண்டு நெருப்பானால் 4 போய் 2. நீர் கொதித்து ஆவியாகும்போது பானை மூடியே தூக்கி அடிக்கிறது, இவர் கணக்கிலோ இடம் சுருங்குகிறது. பிளேட்டோவின் உலகில் மாறாமல் நிலைத்திருப்பது மேற்பரப்புதான், உள்ளடக்கம் இல்லை. துகளுக்குள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

அரிஸ்டாட்டில் இந்தப் பக்கமாகத்தான் நுழைகிறார். வானம் பற்றிய நூலின் மூன்றாம் புத்தகத்தில் அவர் வரிசையாகப் போடும் எதிர்வாதங்களைப் படிப்பது, நன்றாகப் படித்த மாணவர் ஆசிரியரைக் குறுக்கு விசாரணை செய்வதைக் கேட்பது மாதிரி. புள்ளிக்கு எடை இல்லை, கோட்டுக்கு எடை இல்லை, தளத்துக்கும் எடை இல்லை. எடையில்லாத தளங்களைக் கூட்டி எடையுள்ள பொருள் எப்படி வரும்? மண் மட்டும் மாறாது என்பது கண்ணால் காண்பதற்கே முரண். முன்கூட்டியே முடிவு செய்த கொள்கைக்காகத் தோற்றங்களை வளைக்கிறார்கள் என்கிறார். கூர்மைதான் சுடுகிறது என்றால், கோணம் உள்ள கணித வடிவங்கள் எல்லாமே சுட வேண்டுமே? எனக்குப் பிடித்தது இது: நெருப்பு எரிக்கிற பொருளை நெருப்பாகவே மாற்றுகிறது. கூர்மையால் வெட்டுவதுதான் எரிப்பது என்றால், கத்தியால் வெட்டிய பொருள் எல்லாம் கத்தியாக மாறுமா? கேள்விக்குப் பிளேட்டோ தரப்பில் பதில் உண்டு: உடைந்த முக்கோணங்கள் மறுபடி சேர்கின்றன, வெட்டோடு கதை முடியவில்லை. ஆனாலும் அடி விழுந்த இடம் சரியானது.

அரிஸ்டாட்டில் வைத்த மாற்று வேறு விதம். சூடு, குளிர்ச்சி, ஈரம், வறட்சி. இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் நான்கு பூதம். நெருப்பு சூடும் வறட்சியும், நீர் குளிர்ச்சியும் ஈரமும், இப்படி. ஒரு குணம் மாறினால் ஒரு பூதம் இன்னொன்றாகும். வானத்துக்குத் தனியாக ஐந்தாவது பொருள், அது வட்டத்தில் மட்டும் சுற்றும். தொட்டு உணர்கிற குணங்களிலிருந்து புறப்பட்டதால் எல்லோருக்கும் புரிந்தது, மருத்துவர்களுக்கு உதவியது, பதினெட்டு நூற்றாண்டுக்கு மேல் செல்வாக்கோடு இருந்தது. இதில் எண்ணிப் பார்க்க எதுவும் இல்லை என்பதும் அதன் நீண்ட ஆயுளுக்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம். கணக்கு இல்லாத கோட்பாட்டைக் கணக்கால் மடக்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், வானத்துக்கு மட்டும் அரிஸ்டாட்டில் எண்ணினார். வானத்து ஓட்டங்களை விளக்க வானியலாளர் யூடாக்ஸஸ் 27 கோளங்களில் தொடங்கியதை 55 வரை கொண்டுபோனார். மேலே கணிதம், கீழே குணம் என்ற பிரிவு அதன் பிறகு வெகு காலம் நீடித்தது.

பிளேட்டோவின் முக்கோணங்கள் அமுங்கிப் போனதற்கு ஒரு தற்செயலும் உண்டு. கல்சிடியஸ் என்பவர் கி.பி. 4ஆம் நூற்றாண்டு வாக்கில் 'டிமேயஸ்' நூலை லத்தீனில் மொழிபெயர்த்தார். இடைக்கால ஐரோப்பா பிளேட்டோவை அறிந்தது பெரும்பாலும் அந்த ஒரு மொழிபெயர்ப்பின் வழியாக. அது முழுமையானது இல்லை. முறத்தில் புடைப்பது வரை வந்து, முக்கோணங்கள் தொடங்கப் போகிற இடத்தில் நின்றுவிடுகிறது. உலகத்தைத் தெய்வம் கட்டிய கதை எல்லோருக்கும் தெரிந்தது, கட்டிய செங்கல்லின் அளவு தெரியவில்லை.

முழு நூல் மறுபடி புழக்கத்துக்கு வந்த பிறகு ஐந்து திண்மங்கள் பலரைப் பிடித்து ஆட்டின. 1596இல் 24 வயது யோகன்னஸ் கெப்ளர் அவற்றைப் பொருளிலிருந்து எடுத்து வானத்தில் வைத்தார். கோள்கள் ஏன் ஆறு? நடுவில் ஐந்து இடைவெளி, ஐந்து திண்மம். சனிக்கும் வியாழனுக்கும் நடுவில் கனசதுரம், அப்புறம் நான்முகி, பன்னிருமுகி, இருபதுமுகி, எண்முகி. 1781இல் யுரேனஸ் வந்து எண்ணிக்கையைக் கெடுத்தது. கெப்ளரே அதற்கு முன்னால் நீள்வட்டங்களைக் கண்டுபிடித்துப் புதிய வானியலைத் தொடங்கிவிட்டார்.

20ஆம் நூற்றாண்டில் இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பர்க் வருகிறார். 1919இல், பதினேழு வயதில், மியூனிக்கில் ஒரு கட்டடத்தின் கூரையில் உட்கார்ந்து 'டிமேயஸ்' படித்ததை அவர் நினைவுகூர்கிறார். நெருப்புக்கு நான்முகி என்பதை முதலில் கட்டற்ற ஊகம் என்றுதான் நினைத்தார். பிற்காலத்தில், அடிப்படைத் துகள்கள் டெமோக்ரிட்டஸின் கெட்டிக் குருமணிகளை விடப் பிளேட்டோவின் கணித வடிவங்களுக்கு நெருக்கம் என்று வாதிட்டார். துகள்களைச் சமச்சீர், அதாவது திருப்பினாலும் மாற்றினாலும் மாறாமல் நிற்கிற தன்மை, வகைப்படுத்துகிறது என்ற அளவில் ஒப்புமை பொருந்தும். அதற்கு மேல் இழுத்தால் தாங்காது. பிளேட்டோ தன் வடிவங்களை எந்த அளவீட்டோடும் மோத விடவில்லை. இன்றைய சமச்சீர் ஒவ்வொன்றும் சோதனைச்சாலையில் தோற்கத் தயாராக நிற்கிறது.

அரிஸ்டாட்டிலின் இன்னொரு எதிர்வாதத்தைச் சொல்லாமல் வைத்திருந்தேன். வெற்றிடம் இல்லாமல் உலகம் நிரம்ப வேண்டும் என்றால் துகள்கள் இடைவெளியின்றி அடுங்க வேண்டும். தளத்தில் முக்கோணம், சதுரம், அறுகோணம் மூன்றும் அப்படி அடுங்கும். திண்மங்களில் கனசதுரமும் நான்முகியும் மட்டுமே அடுங்கும், மற்றவை அடுங்காது, அதனால் பிளேட்டோவின் திட்டம் செல்லாது என்றார். முடிவு சரிதான், ஆனால் நான்முகி அடுங்காது. ஒரு விளிம்பைச் சுற்றி ஐந்து நான்முகிகளை ஒட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றின் முகங்களுக்கு இடைப்பட்ட கோணம் 70.53 பாகை; ஐந்து சேர்த்தால் 352.6, ஏழு பாகைக்கு மேல் ஒரு பிளவு வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பிளேட்டோவை வடிவகணிதத்தால் மடக்கப் போனவர் அதே வடிவகணிதத்தில் சறுக்கினார். உரைகாரர்கள் பலர் அவர் சொன்னதை நியாயப்படுத்தவே முயன்றார்கள். 12ஆம் நூற்றாண்டின் இப்னு ருஷ்த், ஒரு புள்ளியைச் சுற்றிப் பன்னிரண்டு நான்முகிகள் நிரப்பும் என்று கணக்கே காட்டினார். 15ஆம் நூற்றாண்டின் ரெகியோமொன்டானஸ் அதை மறுத்து ஒரு நூல் எழுதியதாகத் தலைப்பு மட்டும் கிடைத்திருக்கிறது. நான்முகியும் எண்முகியும் இரண்டுக்கு ஒன்று என்று கலந்தால் இடைவெளி இல்லாமல் அடுங்கும். பிளேட்டோவின் பாஷையில் நெருப்பும் காற்றும் சேர்ந்தால் இடம் நிரம்பும். இது பிளேட்டோவுக்கும் தட்டவில்லை, அரிஸ்டாட்டிலுக்கும் தட்டவில்லை.

நான்முகிகளை மட்டும் வைத்து அதிகபட்சம் எவ்வளவு இடத்தை நிரப்பலாம்? 1900இல் கணிதவியலாளர் டேவிட் ஹில்பர்ட் புதிய நூற்றாண்டுக்கு விட்டுச் சென்ற கேள்விகளில் பதினெட்டாவதில் கோளங்களோடு சேர்த்து இதையும் கேட்டிருக்கிறார். கோளங்களுக்கு விடை வந்துவிட்டது, 74.05 விழுக்காடு, நிரூபணத்தோடு. நான்முகிகளுக்கு இதுவரை கண்டுபிடிக்கப்பட்ட மிக நெருக்கமான அடுக்கு 2010இல் வெளியானது, அது 85.63 விழுக்காட்டை நிரப்புகிறது. அதை விட நெருக்கமாக அடுக்க முடியாது என்று யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை.